மர்மதேசம்: திரும்பி வந்த கதையும் திரும்பி வராத பயமும்

ராத்திரி தெருவில் ஒரு குதிரைக் குளம்புச் சத்தம். அவ்வளவுதான்... நாற்பது வயதை நெருங்கும் பல தமிழர்கள் இன்றைக்கும் ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்காருவார்கள். காரணம், ‘மர்மதேசம்’!

1993-ல் சன் டிவி வந்தது. அதுவரை தூர்தர்ஷனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் கேபிள் ஒயர் இழுத்தார்கள். 1990-களின் பின்பாதியில், கே. பாலசந்தர் குடும்பத்தின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரிக்க, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, வாரம் ஒரு முறை மர்மதேசம் வந்தது. முதல் கதை ‘ரகசியம்’. இரவில் யாரும் தங்கக் கூடாத ஒரு கோயில், சித்தர்கள், நவபாஷாண லிங்கம் என்று போகும். அடுத்தது ‘விடாது கருப்பு’. இது ‘விட்டுவிடு கருப்பா’ என்ற நாவலில் இருந்து வந்தது. தப்பு செய்தவனைத் தேடி கருப்பு சாமி குதிரையில் வருவதாக நம்பும் ஒரு கிராமத்தின் கதை. பிறகு ‘சொர்ண ரேகை’, ‘இயந்திரப் பறவை’, ‘எதுவும் நடக்கும்’ என்று வரிசை நீண்டது.

இந்தத் தொடர் ஏன் இப்படிப் பயமுறுத்தியது? மரக்காணம் மாதிரி ஒரு ஊரை நினைத்துப் பார்த்தால் புரியும். சென்னையில் இருந்து புதுச்சேரி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளங்கள் பரந்து கிடக்கும் ஊர் அது. வெயில் ஏறுவதற்குள் வாரியால் உப்பை இழுத்துக் கரை சேர்க்க வேண்டும் என்பதால் வேலை இருட்டிலேயே தொடங்கும். ஊருக்குத் தெற்கே கீழ்புத்துப்பட்டில் ஐயனார் கோயில் இருக்கிறது. ஐயனாரும் அவர் பரிவாரமும் ராத்திரியில் குதிரை ஏறி எல்லையைச் சுற்றி வருவார்கள் என்பது தமிழ்நாட்டுக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக உள்ள நம்பிக்கை. அப்படிப்பட்ட ஊரில் விடாது கருப்பு வெறும் கற்பனையாக இருக்குமா? டிவியை அணைத்த பிறகும் அந்தக் குதிரை வெளியே நின்றது!

இன்னொரு விஷயம். அன்றைக்கு ஒரு வாரம் தவறவிட்டால் அவ்வளவுதான், நினைத்த நேரத்தில் மறுபடி பார்க்க வழி இல்லை. கரண்ட் போனாலும், கேபிள் அறுந்தாலும் மறுநாள் யாரையாவது கேட்டுத்தான் கதை தெரிந்துகொள்ள வேண்டும். சொல்கிறவர் கொஞ்சம் சேர்த்தும் சொல்லுவார். அப்புறம் ஆறு நாள் முழுக்க விவாதம். கருப்பு நிஜமா? இல்லை, கருப்பு பேரில் யாராவது ஏமாற்றுகிறார்களா? சாமியை நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து வாதாட முடிந்தது. ஏனென்றால் தொடரே கடைசி வரை இரண்டு பக்கமும் இடம் விட்டது. முடிவில் மனநலம் சம்பந்தப்பட்ட ஒரு விளக்கம் வந்தது. அது யார், என்ன என்பது இங்கே வேண்டாம். பார்க்காதவர்களிடம் அதைச் சொல்லாமல் காப்பாற்றுவதை ரசிகர்கள் இன்றும் ஒரு தர்மமாக வைத்திருக்கிறார்கள்.

1999-ல் ‘சித்தி’ வந்தது. தினமும் ஓடும் மெகா சீரியல்களின் காலம் ஆரம்பித்தது. தினம் விளம்பரம் வருகிற இடத்தில் வாரம் ஒரு முறை வரும் கதைக்கு என்ன வேலை? கணக்கு அப்படி. மர்மதேசம் நினைவாக மாறியது.

பிறகு அது இரண்டு விதமாகத் திரும்பியது. முதலில் கவிதாலயா நிறுவனம் பழைய பகுதிகளை யூடியூபில் ஏற்றியது. மங்கலான படம், பழைய ஒலி, ஆனாலும் ரசிகர்கள் கொண்டாடினார்கள். அன்றைக்குப் போர்வைக்குள் இருந்து பார்த்தவர்கள் இன்றைக்குத் தங்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தார்கள்.

இரண்டாவது, 2024 அக்டோபர் 25-ல் ஜீ5-ல் வெளியான ‘ஐந்தாம் வேதம்’. இயக்கம் அதே நாகா. சாய் தன்ஷிகா கதாநாயகி. காசியில் அவர் கையில் ஒரு பழம்பொருள் வந்து சேர, அதைத் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் சேர்க்க வேண்டும் என்று கதை தொடங்குகிறது. மர்மதேசம் தந்த இயக்குநர் என்ற அடையாளத்தோடுதான் அது வந்தது. வரவேற்பு இரண்டாகப் பிரிந்தது. பழைய வாசனை வருகிறது என்று மகிழ்ந்தவர்கள் ஒரு பக்கம். எல்லாம் இருக்கிறது, அந்தப் பயம் மட்டும் இல்லையே என்றவர்கள் மறுபக்கம்.

இது தமிழுக்கு மட்டும் நடந்தது இல்லை. அமெரிக்காவில் டேவிட் லிஞ்ச், மார்க் ஃப்ராஸ்ட் உருவாக்கிய ‘ட்வின் பீக்ஸ்’ 1990-ல் தொடங்கி 1991-ல் நின்றது. 2017-ல் 18 பகுதிகளோடு மீண்டும் வந்தது. ரசிகர்கள் ஏங்கிக் காத்திருந்த நாயகன் கூப்பர், பழைய கூப்பராக எழுந்தது 16-வது பகுதியில்தான்! சிலருக்குக் கோபம், சிலருக்கு அதுவே மேதைமை.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒரு விதி தெரிந்திருக்கும். ஒரு நிறுவனம் தானாகச் சம்பாதித்த குட்வில்லை பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டக் கூடாது. காசு கொடுத்து வாங்கிய குட்வில்லை மட்டும்தான் காட்டலாம். மர்மதேசத்தின் குட்வில்லும் அப்படித்தான். அதன் பாதி நாகாவும் இந்திரா சௌந்தர்ராஜனும் சம்பாதித்தது. மீதிப் பாதி அந்த ஆறு நாள் காத்திருப்பும், கரண்ட் போன ராத்திரியும், திண்ணை விவாதமும் சேர்ந்து உண்டாக்கியது. முதல் பாதியை இயக்குநர் மறுபடி கொண்டுவரலாம். இரண்டாவது பாதி எந்தத் தயாரிப்பாளர் கையிலும் இல்லை. எல்லாப் பகுதிகளையும் ஒரே ராத்திரியில் தனியாக, கைப்பேசியில் பார்த்து முடிக்கிறவருக்கு அந்த ஆறு நாள் எங்கிருந்து வரும்?

ஐந்தாம் வேதம் வெளியாகி 16 நாள் கழித்து, 2024 நவம்பர் 10-ல், இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார். புதிய தொடரில் குறை கண்டவர்களும் நிறை கண்டவர்களும் அன்றைக்கு ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள்: சின்ன வயதில், ராத்திரி, கருப்புக்குப் பயந்த கதை. ஆளுக்கு ஒன்று இருந்தது. பல வருஷத்துக்குப் பிறகு திண்ணை மறுபடி நிறைந்தது. ஆனால் அதைக் கேட்க அவர்தான் இல்லை.