கருத்தெழுத்து

கருத்தெழுத்து என்பது ஜெர்மானியக் கணிதவியலாளர் காட்லாப் ஃபிரெகே (1848–1925) உருவாக்கிய தருக்கக் குறியீட்டு மொழி. 1879-இல் அதை அறிமுகம் செய்த சிறு நூலுக்கும் இதுவே பெயர். ஜெர்மன் மொழியில் ‘பெக்ரிஃப்ஸ்ஷ்ரிஃப்ட்’. யேனா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த ஃபிரெகே, எண்கணித உண்மைகளைத் தருக்கத்தைக் கொண்டு மட்டுமே நிறுவ முடியுமா என்று ஆராயப் புகுந்தார். அன்றாட மொழியின் நெகிழ்ச்சி அதற்குத் தடையாக நின்றது. மொழியைக் கண்ணுக்கும், தம் குறியீட்டை நுண்ணோக்கிக்கும் அவர் ஒப்பிட்டார். எங்கும் பயன்படுவது கண்தான். ஆனால் ஆய்வின் நுட்பத்துக்கு அது போதாது.

அரிஸ்டாட்டில் வழிவந்த தருக்கம் வாக்கியத்தை எழுவாய், பயனிலை என்று பிரித்தது. ஃபிரெகே அதைக் கைவிட்டார். பிளாட்டேயாவில் கிரேக்கர் பாரசீகரை வென்றனர் என்றாலும், பாரசீகர் கிரேக்கரால் வெல்லப்பட்டனர் என்றாலும் அவற்றிலிருந்து பெறப்படும் முடிவுகள் ஒன்றே. தருக்கத்துக்கு அது போதும். வாக்கியத்திலிருந்து ஒரு பெயரை எடுத்துவிட்டால் வெற்றிடமுள்ள சட்டகம் எஞ்சுகிறது. கணிதத்தின் ‘சார்பு’ என்னும் கருத்தை அவர் அந்தச் சட்டகத்துக்கு விரித்தார்.

இதன் வலிமை ‘எல்லாம்’ என்பதைக் கையாள்வதில் வெளிப்பட்டது. ‘எல்லோரும் வரவில்லை’ என்றால் ஒருவர்கூட வரவில்லையா, அல்லது சிலர்தான் வந்தார்களா? தமிழில் இந்த மயக்கம் ‘எல்லோரும்’ என்பதன் ஈற்றில் வரும் ‘உம்’ என்னும் உம்மையில் தங்கியிருக்கிறது. முழுமையைக் காட்டும் முற்றும்மை சில இடங்களில், ஒரு பகுதி எஞ்சியது என்னும் எச்சப்பொருளும் தரும் என்று தொல்காப்பிய இடையியல் கூறுகிறது. உரையாசிரியர்கள் அதற்கு எதிர்மறைத் தொடர்களைக் காட்டினர். ஃபிரெகேயின் எழுத்தில் கூற்றின் முன் இடப்படும் படுக்கைக் கோட்டில் வரும் குழிவு ‘எல்லாம்’. கோட்டின் அடியில் தொங்கும் சிறு கோடு ‘இல்லை’. சிறு கோடு குழிவுக்கு இடப்புறம் நின்றால் எல்லோரும் வந்துவிடவில்லை. வலப்புறம் நின்றால் ஒருவருமே வரவில்லை. 

இழப்பும் உண்டு. ‘சிறியவர், ஆனால் வலியவர்’ என்பதில் ‘ஆனால்’ தரும் தொனி இதில் ஏறாது; சிறியவர், வலியவர் என்ற இரண்டு செய்திகளே நிற்கும். ஃபிரெகே அதை அறிந்தே விட்டார். அவர் தேடியது முடிவுகளுக்கு அடிப்படையாகும் உள்ளடக்கத்தை மட்டுமே.

மேலும் கீழுமாகக் கிளைவிடும் இந்த எழுத்து அச்சிடக் கடினமானது, படிக்கவும் பழகாதது. தருக்கவியலாளர் எர்ன்ஸ்ட் ஷ்ரோடர் 1880-இல் எழுதிய மதிப்புரையில், ஜார்ஜ் பூலின் தருக்க இயற்கணிதத்தைவிட இது மேம்பட்டதல்ல என்று கருதினார். 1902-இல் பெர்ட்ரண்ட் ரசல், ஃபிரெகேயின் பிற்கால நூலான ‘எண்கணிதத்தின் அடிப்படை விதிகள்’ முரண்பாட்டுக்கு இட்டுச்செல்வதைக் கடிதத்தில் காட்டினார். அதன் இரண்டாம் தொகுதி அப்போது அச்சில் இருந்தது. குறை அந்த நூலில் புதிதாகச் சேர்ந்த விதியில்தான். 1879-இன் தருக்க முறைக்கு அது ஊறு செய்யவில்லை.

பின்னர் கணிதவியலாளர் பியானோவும் ரசலும் வளர்த்த ஒற்றை வரிக் குறியீடே நிலைத்தது. ஃபிரெகேயின் வரைவுகளில் ஒன்று மட்டும் தருக்க நூல்களில் இன்றும் நாள்தோறும் எழுதப்படுகிறது: செங்குத்துக் கோட்டிலிருந்து வலப்புறம் நீளும் படுக்கைக் கோடு. அவர் அதை ‘இது உண்மை எனக் கொள்கிறேன்’ என்பதற்கு இட்டார். இன்று அது ‘நிறுவத்தக்கது’ என்று பொருள்படுகிறது.