இந்தியப் பெருங்கடல் ஜியாய்டு தாழ்வு

இந்தியப் பெருங்கடல் ஜியாய்டு தாழ்வு என்பது, இந்தியத் தீபகற்பத்துக்கும் இலங்கைக்கும் தெற்கே, கடல்மட்டம் புவியின் கணித வடிவத்தைவிட ஏறத்தாழ 106 மீட்டர் கீழே அமைந்துள்ள பரந்த பகுதியாகும். உலகின் ஜியாய்டு தாழ்வுகளுள் இதுவே மிக ஆழமானது. பரப்பு சுமார் 30 லட்சம் சதுர கி.மீ.; இந்திய நாட்டின் பரப்புக்குச் சற்றே குறைவு. செய்தி ஏடுகள் இதை ஈர்ப்புப் பள்ளம் என்று எழுதுவதுண்டு.

அமைவிடமும் தன்மையும்

காற்று, அலை, நீரோட்டம் ஏதுமின்றிப் பெருங்கடல் அசையாமல் நின்றால் அதன் மேற்பரப்பு கொள்ளும் வடிவமே ஜியாய்டு. நிலப்பகுதிக்கு அடியிலும் இத்தளம் தொடர்வதாகக் கொள்வர். புவியின் உட்பகுதியில் அடர்த்தி எங்கும் ஒரே சீராக இல்லை. அடர்த்தி மிகுந்த பொருள் உள்ள இடத்தை நோக்கி நீர் ஈர்க்கப்பட்டு மேடாகிறது. குறைந்த இடத்தில் மட்டம் தாழ்கிறது. துருவங்களில் தட்டையான ஒழுங்கான நீள்கோள வடிவத்தை அடிப்படையாக வைத்து இந்த ஏற்றத்தாழ்வுகள் கணக்கிடப்படுகின்றன.

1996ஆம் ஆண்டின் உலகப் புவியீர்ப்பு மாதிரிப்படி, தாழ்வின் மிக ஆழமான புள்ளி வட அட்சம் 4.75°, கிழக்குத் தீர்க்கம் 78.75° அருகே உள்ளது. கன்னியாகுமரியிலிருந்து தெற்கிலும் சற்றுக் கிழக்கிலுமாக இது சுமார் 400 கி.மீ. தொலைவு. உலகின் மிக உயர்ந்த ஜியாய்டு மேடு நியூகினி அருகே, சுமார் 85 மீ. உயரத்தில் உள்ளது. ஆகவே இரண்டு கடற்பகுதிகளின் மட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ 190 மீ. வேறுபாடு உண்டு.

கப்பலில் கடப்பவருக்கு இத்தாழ்வு புலப்படாது. ஜியாய்டின் எந்தப் புள்ளியிலும் ஈர்ப்பின் திசை தளத்துக்குச் செங்குத்தாகவே இருப்பதால், அங்கே ரசமட்டம் வைத்தாலும் குமிழி நடுவிலேயே நிற்கும். சுற்றியுள்ள நீர் உள்ளே வழிந்து நிரப்புவதும் இல்லை. ஈர்ப்பு முடுக்கத்தில் ஏற்படும் குறைவு பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவினதே. கடலின் ஆழத்தோடு இதற்கு நேர்த்தொடர்பு கிடையாது.

ஆய்வு வரலாறு

புவியீர்ப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதை முதலில் காட்டியது ஒரு கடிகாரம். பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே 1672இல் பாரிசிலிருந்து தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுசென்ற ஊசல் கடிகாரம், அங்கு நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. புவி நடுக்கோட்டில் புடைத்திருப்பதே இதற்குக் காரணம் என்று நியூட்டன் 1687இல் விளக்கி, தட்டையின் அளவை 230இல் ஒரு பங்கு எனக் கணித்தார். இன்றைய மதிப்பு 298இல் ஒரு பங்கு. அடுத்த நூற்றாண்டில் பெருவுக்கும் லாப்லாந்துக்கும் சென்ற பிரெஞ்சுக் குழுக்கள் நியூட்டனின் முடிவை உறுதிசெய்தன. பெருவுக்குச் சென்ற பியர் பூகேர், ஆண்டிஸ் மலைத்தொடர் தூக்குக்குண்டைத் தன்பால் இழுக்கும் அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதைக் கண்டார்.

இந்தக் குறைவின் பொருள் இந்தியாவில்தான் தெளிவாயிற்று. 1802 ஏப்ரல் 10 அன்று பிரித்தானியப் படை அதிகாரி வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கி.மீ. நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இதிலிருந்து வளர்ந்த முக்கோண நில அளவை, தென்கோடியிலிருந்து இமயம்வரை நீண்டது. அளவைக்குப் பயன்பட்ட தியோடலைட் ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்துக்கு அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்தது. லாம்டன் அதைத் தாமே செப்பனிட்டுப் பணியைத் தொடர்ந்தார்.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்டின் காலத்தில் ஒரு முரண்பாடு வெளிப்பட்டது. மத்திய இந்தியாவின் கலியான்பூருக்கும் வடக்கே சுமார் 600 கி.மீ. தொலைவிலுள்ள கலியானாவுக்கும் இடையேயான தூரத்தை நிலத்தில் அளந்தபோது ஒரு விடையும், விண்மீன்களைக் கொண்டு கணித்தபோது வேறொரு விடையும் கிடைத்தன. வேறுபாடு சற்றொப்ப 5 வினாடிக் கோணம், அதாவது தரையில் 160 மீ. அளவு. இமயத்தின் ஈர்ப்பு தூக்குக்குண்டைச் சாய்த்திருக்க வேண்டும் எனக் கருதிய கல்கத்தா பேராயத் துணைவர் ஜான் ஹென்றி பிராட், மலையின் நிறையை மதிப்பிட்டுக் கணக்கிட்டார். விடை ஏறத்தாழ 16 வினாடி. கண்ட வேறுபாட்டைப்போல் மும்மடங்கு. 1855இல் ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி இதற்கு விளக்கம் தந்தார். மலைகளுக்கு அடியில் அடர்த்தி குறைந்த பாறை வேர்போல் ஆழ இறங்கியிருப்பதால் அவற்றின் ஈர்ப்பு ஈடுகட்டப்படுகிறது என்றார். பிராட் 1859இல் இதற்கு மாற்றாக வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். வேர் ஏதும் இல்லை, மலைக்கு அடியிலுள்ள பாறையே அடர்த்தி குறைந்தது என்பது அவர் கருத்து. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தின் அடர்த்தியை மேற்பரப்பு அளவைகளால் அறியலாம் என்ற நம்பிக்கை இவ்விவாதத்திலிருந்தே வேரூன்றியது.

1865 முதல் அதே நில அளவையின் அதிகாரி ஜேம்ஸ் பலேடியோ பசேவி, கன்னியாகுமரிப் பகுதியிலிருந்து லடாக் வரை ஊசல்களைக் கொண்டு ஈர்ப்பை அளந்தார். 1871இல் லடாக்கின் உயர்நிலத்தில் கடுங்குளிரில் அளவெடுத்துக்கொண்டிருந்தபோதே உயிரிழந்தார். உள்நாட்டைவிடக் கடற்கரையிலும் தீவுகளிலும் ஈர்ப்பு மிகுதி என்பது அவரது முடிவுகளுள் ஒன்று. அவர் அளந்த இடங்களுள் மினிக்காய் தீவும் உண்டு. இன்றைய வரைபடத்தில் மினிக்காய், தாழ்வின் பரப்புக்குள்ளேயே விழுகிறது. ஆயினும் தனி ஓர் இடத்து ஊசல் அளவை, தீவின் சொந்த நிறையையே பெரிதும் காட்டும், ஆயிரக்கணக்கான கி.மீ. பரந்த அமைப்பைக் காட்டாது.

ஆடும் கப்பலில் ஊசலைப் பயன்படுத்த இயலாததால், பெருங்கடல்களில் ஈர்ப்பளவை நெடுங்காலம் வெற்றிடமாகவே இருந்தது. டச்சு அறிஞர் பெலிக்ஸ் வெனிங் மைனெஸ் இதற்கு வழி கண்டார். ஒரே சட்டகத்தில் பல ஊசல்களை ஆடவிட்டு, அவற்றின் வேறுபாட்டைப் பதிவுசெய்து, கலத்தின் ஆட்டத்தால் வரும் பிழையை நீக்கினார். கருவியோடு நீர்மூழ்கியில் ஏறி அலையின் அசைவு குறைந்த ஆழத்தில் அளவெடுத்தார். 1923இல் கே-2 என்ற நீர்மூழ்கியில் ஹாலந்திலிருந்து சூயஸ் வழியாக ஜாவா சென்றது இத்தகைய முதல் நெடும்பயணம். மிக நெடிய உடலினரான அவர் அக்கலத்தின் இடுக்குகளில் வாரக்கணக்கில் பணியாற்றினார். 1923 முதல் 1938 வரையிலான பயணங்களின் முடிவுகளைப் பல தொகுதிகளாக வெளியிட்டார். நான்காம் தொகுதி 1948இல் வந்தது. இந்தியப் பெருங்கடல் தாழ்வைக் கண்டறிந்தவர் அவரே.

1958இல் ஏவப்பட்ட வான்கார்டு-1 முதலிய செயற்கைக்கோள்களின் பாதையில் நேரும் சிறு விலகல்களிலிருந்து, உலகு முழுவதன் ஜியாய்டும் கணிக்கப்பட்டது. 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் இணைக்கோள்களும், 2009 முதல் 2013 வரை சுமார் 255 கி.மீ. உயரத்தில் சுற்றிய ஐரோப்பாவின் கோசே செயற்கைக்கோளும் வரைபடத்தை மேலும் துல்லியமாக்கின.

காரணம்

தாழ்வு மிக அகன்றது என்பதால் அதன் காரணமும் மேலோட்டுக்கு வெகு கீழே, கவசத்தில் இருக்க வேண்டும். கருவத்துக்கும் கவசத்துக்கும் இடையேயான எல்லை இங்கே தாழ்ந்துள்ளது என்ற கருத்து 1980களில் எழுந்தது, அது நிலைக்கவில்லை. இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்தபோது அதன் முன்னிருந்த டெதிஸ் கடலின் தரை கவசத்துக்குள் அமிழ்ந்தது. அந்தத் தட்டுத்துண்டுகளையே காரணமாகக் கூறியோரும் உண்டு. ஆனால் அமிழ்ந்த தட்டுகளுக்கு மேலே எழும் வெப்பப் பொருளை விடுத்து இத்தாழ்வை விளக்க இயலாது என்று வேறு சிலர் கருதினர்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேவாஞ்சன் பால், அத்ரேயி கோஷ் இருவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தந்தது. கடந்த 14 கோடி ஆண்டுகளின் கவச நகர்வை 19 கணினி மாதிரிகளாக உருவாக்கிப் பார்த்தனர். அமிழ்ந்த டெதிஸ் தட்டுத்துண்டுகள், ஆப்பிரிக்காவுக்கு அடியில் கவசத்தின் அடித்தளத்திலுள்ள வெப்பத் திரளைக் கலைத்தன. அதிலிருந்து எழுந்த அடர்த்தி குறைந்த பொருள் கிழக்கே பரவி, சுமார் 300 முதல் 900 கி.மீ. ஆழத்தில் தங்கியது. தாழ்வு இன்றைய வடிவை அடைந்தது சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. தக்காணப் பீடபூமியின் எரிமலைப் பாறைகளுக்குக் காரணமான ரீயூனியன் வெப்பப் பிழம்பை இம்மாதிரிகள் காட்டவில்லை என்று குறை கூறுவாரும் உள்ளனர்.

இன்றைய நிலை

கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் 2018இல் இப்பகுதியின் கடலடியில் நிலநடுக்கமானிகளை நிறுவியது. ஒழுங்கான நீள்கோளத்துக்குப் பதிலாகச் சுழலும் திரவப் புவியின் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டால் அண்டார்க்டிகா அருகிலுள்ள தாழ்வே பெரிது எனவும் சிலர் கூறுகின்றனர். கிரேஸின் தொடர்ச்சியாக 2018இல் ஏவப்பட்ட இணைக்கோள்கள் இன்றும் அளவெடுத்து வருகின்றன.