கிரிட் கணிமை: வேகமா, நம்பிக்கையா?

கிரிட் கணிமையை அறிமுகப்படுத்தும் நூல்கள் பெரும்பாலும் வேகத்திலிருந்தே தொடங்குகின்றன. பல ஊர்களில் உள்ள கணினிகளைச் சேர்த்தால் பெரிய கணக்குகள் விரைவில் முடியும் என்பார்கள். இது சரிதான். ஆனால் வேகம் மட்டுமே வேண்டுமென்றால் ஒரே கூடத்தில் ஆயிரம் கணினிகளைக் கிளஸ்டராக இணைத்தாலே போதும். கிரிட்டில் கணினிகளின் உரிமையாளர்கள் வேறுவேறானவர்கள் என்பதே அடிப்படைச் சிக்கல். மும்பை ஆய்வாளர் ஒருவர் எழுதிய நிரலை, அவரை ஒருநாளும் பார்த்திராத ஜெர்மன் நிர்வாகி தம் கணினியில் ஏன் ஓடவிட வேண்டும்? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளின் வரலாறாகவே கிரிட்டைப் படிக்க வேண்டும் என்பது என் வாதம்.

1988இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவான காண்டோர் மென்பொருள், சும்மா கிடக்கும் கணினிகளுக்குப் பிறர் வேலையைக் கொடுத்தது. உரிமையாளர் திரும்பி வந்ததும் அந்த வேலை விலகிக்கொள்ளும். அது ஒரே நிறுவனத்துக்குள் நடந்த பகிர்வு. 1995இல் ஐ-வே சோதனை பல நிறுவனங்களின் கணினிகளை இணைத்தபோதுதான் நம்பிக்கைச் சிக்கல் முழுதாக வெளிப்பட்டது. அதில் பங்கேற்ற இயன் ஃபாஸ்டர், 2002இல் கிரிட்டுக்கு மூன்று இலக்கணங்கள் வகுத்தார். வளங்கள் ஒரே மையத்தின் கட்டுப்பாட்டில் இருக்கக் கூடாது என்பதை அவர் முதலில் வைத்தது தற்செயலன்று.

இந்த நம்பிக்கைச் சிக்கலைத் தீர்க்க அவரும் கார்ல் கெஸ்ஸல்மனும் பிறரும் உருவாக்கிய குளோபஸ் மென்பொருளின் பாதுகாப்பு ஏற்பாட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஆய்வாளரிடம் ஏறத்தாழ ஓராண்டு செல்லும் மின்சான்றிதழும் அதற்குரிய ரகசியத் திறவுகோலும் இருக்கும். திறவுகோல் அவர் கணினியை விட்டு வெளியே போவதில்லை. வேலையை அனுப்பும்போது, தம் சான்றிதழைக் கொண்டு வழக்கமாக 12 மணி நேரமே செல்லும் பதிலிச் சான்றிதழ் ஒன்றை அவர் உண்டாக்குகிறார். வேலையோடு பயணம் செய்வது அதுதான். வழியில் அது களவுபோனாலும் சேதம் அந்தச் சில மணி நேரத்தோடு நிற்கும். வேலை ஓடும் இடத்திலிருந்து வேறு நாட்டில் உள்ள தரவை எடுக்க வேண்டுமானால், ஆய்வாளர் தூங்கிக்கொண்டிருந்தாலும் அந்தப் பதிலியைக் காட்டி வேலையே அவர் பெயரால் அனுமதி கேட்கலாம். யாருடைய சான்றிதழை ஏற்பது என்ற பிரச்சினை பிறகும் இருந்தது. 2005இல் அமைந்த பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்று சான்றளிக்கும் அமைப்புகளுக்குப் பொது விதிகளை வகுத்தது. இந்தியாவில் சான்றளிக்கும் பொறுப்பை அரசுக் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் ஏற்றது.

1999இல் தொடங்கிய செட்டி@ஹோம் எதிர்த்திசையில் சென்றது. வேற்றுக்கோள் அறிவுயிர்களின் வானொலிக் குறிப்புகளைத் தேட, பொதுமக்களின் வீட்டுக் கணினிகளை அது பயன்படுத்தியது. இலட்சக்கணக்கான தன்னார்வலர்களின் அடையாளத்தைச் சரிபார்ப்பது நடவாத காரியம். எனவே ஒரே தரவுத் துண்டைப் பலருக்கும் அனுப்பி, திரும்பி வந்த விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தது. தரவரிசையில் முந்துவதற்காகப் பொய் விடை அனுப்பியவர்களும் உண்டு. ஒப்பீடுதான் அவற்றை வடிகட்டியது. கிரிட் ஆளை நம்புகிறது, செட்டி@ஹோம் விடையைச் சோதித்தது. ஆனால் அதற்கு ஒரே கணக்கைப் பலமுறை செய்யும் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

மேகக் கணிமை வந்தபின் கிரிட் காலாவதியாகிவிட்டது என்போர் உண்டு. சிறு ஆய்வுக் குழுக்களைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது; ஏனெனில் வாடகை தருவது சான்றிதழ் வாங்குவதைவிட எளிது. ஆயினும் செர்ன் ஆய்வகத்தின் பெரும் ஹாட்ரான் மோதுவி தரும் தரவை 40க்கும் மேற்பட்ட நாடுகளின் ஏறத்தாழ 170 மையங்கள் இன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனமும் கொல்கத்தா சைக்ளோட்ரான் மையமும் அவற்றில் அடங்கும். ஒவ்வொரு நாடும் தன் பணத்தைத் தன் மண்ணிலேயே, தன் பொறியாளர்களைக் கொண்டே செலவிட விரும்புகிறது. எவ்வளவு செயல்திறன், எவ்வளவு சேமிப்பு தருவோம் என்று மையங்கள் ஆண்டுதோறும் உறுதி அளிக்கின்றன. இந்த ஏற்பாட்டை எந்த வாடகை ஒப்பந்தமும் ஈடுசெய்துவிடாது.

செர்ன் தரவைப் பங்கிடும் இந்த மையங்களின் கூட்டமைப்பு இப்போது பதிலிச் சான்றிதழ்களிலிருந்து டோக்கன்களுக்கு மாறிவருகிறது. அனுப்பியவர் யார் என்பதைவிட, இந்த வேலை எந்தக் கோப்பைப் படிக்கலாம், எங்கே எழுதலாம் என்பதையே டோக்கன் முதன்மையாகச் சொல்கிறது. அந்த ஜெர்மன் நிர்வாகி இனி மும்பை ஆய்வாளரின் பெயரைக்கூட அறிய வேண்டியிராது. அவருக்கு எவ்வளவு அனுமதி என்று தெரிந்தால் போதும்.