தாராவி: நிலவியலும் தமிழர் குடியேற்றமும்

மும்பை மித்தியாற்றின் மாகிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்புநிலச் சிற்றூராகவே தாராவி வரலாற்றில் அறிமுகமாகின்றது. பம்பாய் நகர விவரச்சுவடி (1909) இதனைக் கோலி மீனவரின் ஆறு பெருங்குடியிருப்புகளுள் ஒன்றாகக் குறிக்கின்றது. 1737இல் ஆங்கிலேயர் எழுப்பிய ரீவாக் கோட்டை இதன் எல்லைநிலத் தன்மைக்குச் சான்றாகும்.

சயான் தரைப்பாதை (1803) தீவைச் சால்செட்டுடன் இணைத்தது. பின்னர்ச் சதுப்புநிலம் படிப்படியாக மேடாக்கப்பட, மீன்பிடித் தொழில் நலிந்தது. நகரினுள் விரும்பப்படாத தோல் பதனிடும் கூடங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்விளிம்புநிலத்தில் அமைந்தன. அத்தொழிலை நாடித் திருநெல்வேலிப் பகுதித் தமிழர் குடியேறினர். நகரம் வடக்கே வளர, விளிம்பு நடுவிடமாயிற்று.

ஆகவே, தாராவியை நகரம் ஈன்ற குடிசைப்பகுதி என்பதினும், நகரம் சூழ்ந்துகொண்ட ஊர் எனக் கொள்வதே பொருத்தமாகும். மறுசீரமைப்பில் குடியிருப்போரின் உரிமையை மதிப்பிடுவோர் இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தல் இயலாது.