வேலைக்கு உதவாதவர்கள்!

பிணம் ஏற்றும் வண்டி வாசலில் வந்து நிற்கிறது. ஏற்றப்படுபவர் பிணமல்லர், மாரடைப்பால் துடித்துக்கொண்டிருக்கும் மனிதர். வண்டியோட்டி வந்தவர் மருத்துவம் கற்றவரல்லர். சவ அடக்கத் தொழில் நடத்துபவர். நோயாளி பிழைத்தால் மருத்துவமனை வரை வாடகை; பிழைக்காவிட்டால் சவப்பெட்டி வரை வாணிபம்! எப்படியாயினும் வண்டி வெறுமனே திரும்புவதில்லை.

ஏதோ பழங்காலக் கதை பேசுகிறோம் என்று எண்ண வேண்டா. விண்வெளிக்கு மனிதரை அனுப்பிக்கொண்டிருந்த அமெரிக்காவில், 1960களில் நிலவிய நிலை இது. 1966இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. முந்தைய ஆண்டில் மட்டும் விபத்துகளில் மாண்டோர் 1,07,000 பேர் என்றது. ஆம்புலன்ஸ் பணியில் ஏறக்குறையப் பாதி, 12,000 சவ அடக்கத் தொழிலினரின் கையில் இருந்ததாகவும் கூறிற்று. நீட்டிப் படுக்க வைக்கத்தக்க வண்டி அவர்களிடம்தான் இருந்ததாம். அதுவே அவர்களுடைய தகுதி! வியட்நாம் போர்முனையில் குண்டடிபட்டவனுக்கு இருந்த பிழைக்கும் வாய்ப்புக்கூட, அமெரிக்க நகரத் தெருவில் அடிபட்டு விழுந்தவனுக்கு இல்லை என்று, போர்முனை கண்டு திரும்பிய வல்லுநர்கள் சொன்னதையும் அவ்வறிக்கை எடுத்துரைத்தது.

இன்று 108 என்று அழைத்தால் வண்டி வருகிறது. நோயாளியின் பக்கத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் அமர்ந்து மூச்சையும் நாடியையும் கவனித்தபடி செல்கிறார். இத்தகைய தொழில் ஒன்று உலகில் இருக்க முடியும் என்று மெய்ப்பித்துக் காட்டியவர்களுள் முன்வரிசையில் நின்றவர் யார்? கோடீசுவரர்களா? கோட்டையில் கொலுவிருந்தோரா? அல்லர். வேலைக்கு உதவாதவர் என்று ஊரார் ஒதுக்கிவைத்த கறுப்பின இளைஞர்கள்! தொழிலை உருவாக்கியவர் அவர்கள். அதற்கு மதிப்பும் மாதச் சம்பளமும் வந்து சேர்ந்ததும், வாயிற்கதவு அவர்களுக்கே அடைக்கப்பட்டது. அந்த வரலாற்றைத்தான் ஈண்டுப் பேசுகிறோம்.

நகரின் பெயர் பிட்ஸ்பர்க். பென்சில்வேனியா மாநிலத்து எஃகு நகரம். அங்கே ‘ஹில்’ என்றழைக்கப்படும் மேட்டுப் பகுதி கறுப்பின மக்களின் குடியிருப்பு. 1950களில் நகரைச் ‘சீரமைக்கிறோம்’ என்று கூறி, அப்பகுதியின் கீழ்ப்பாகத்தை இடித்துத் தள்ளினர். ஏறத்தாழ 8,000 பேர் வீடிழந்தனர். அவ்விடத்தில் எழுந்தது என்ன? 1961இல் திறக்கப்பட்ட வட்ட வடிவப் பேரரங்கம்! எஞ்சிய மேட்டில் வறுமையும் வேலையின்மையும் குடியிருந்தன.

அந்நகரில் நோயாளியை ஏற்றிச்செல்லும் பொறுப்பு போலீசாருடையது. கைதிகளை ஏற்றும் அதே வண்டி. பின்புறத்தில் நோயாளியைக் கிடத்துவர். இரண்டு போலீசாரும் முன்னிருக்கையில் அமர்ந்துகொள்வர். மூச்சு நின்றாலும் குருதி கொட்டினாலும் கவனிக்க அருகில் ஆளில்லை. மேட்டுப் பகுதியிலிருந்து அழைப்பு என்றால், வண்டி வரலாம், வராமலும் போகலாம். தடியோடு வருபவனிடம் தாயை ஒப்படைக்க எந்த மகன்தான் விரும்புவான்? அழைக்காமலே இருந்துவிட்டோர் எத்தனை பேரோ!

ஏழைக்கு மட்டுமே இந்த இழிநிலை என்றும் சொல்வதற்கில்லை. டேவிட் லாரன்ஸ் என்பவர் அந்நகரின் மேயராக இருந்தவர். மாநில ஆளுநராகவும் வீற்றிருந்தவர். 1966 நவம்பர் 4 அன்று தேர்தல் கூட்டமொன்றில் சாய்ந்து விழுந்தார். வந்தது போலீஸ் வண்டிதான். மருத்துவமனை சேர்ந்தபோது இதயம் இயங்கியது, மூளை பாழாகிவிட்டிருந்தது. 17 நாட்கள் கிடந்து மறைந்தார். விதி முடிந்தது என்று வைதிகம் பேசும் இடம் இது. மூளைக்குச் சில நிமிடங்கள் உயிர்வளி செல்லவில்லை என்று பேசுகிறது அறிவியல். விதியை எவராலும் திருத்த முடியாது என்பர். அந்தச் சில நிமிடங்களைத் திருத்த முடியும் என்று நம்பிய ஒருவர் அதே மருத்துவமனையில் இருந்தார்.

அவர் பீட்டர் சஃபார். வியன்னாவில் 1924இல் பிறந்து அமெரிக்கா வந்த மயக்க மருந்தியல் வல்லுநர். 1950களின் பிற்பகுதியில் பால்டிமோர் நகரில் அவர் நடத்திய சோதனைகள் துணிச்சலானவை. தாமே முன்வந்த மனிதர்களுக்கு மருந்து கொடுத்து, தசைகளை அசைவறச் செய்து, மூச்சை நிறுத்துவார். பின்னர், மருத்துவம் பயிலாத சாதாரண மக்களை அழைத்து, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதச் செய்வார். மருத்துவப் பட்டம் பெறாதவர் ஊதிய மூச்சும் மனிதனைப் பிழைக்க வைத்தது! மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் முறையை 1960இல் வேறு சிலர் கண்டறிந்தனர். இரண்டையும் இணைத்து முழுமைப்படுத்தியவர் சஃபார். 1966இல் அவருடைய மகள் எலிசபெத், ஆஸ்துமா தாக்கி, மூளை உயிர்வளியின்றிக் கெட்டு, மாண்டாள். உலகுக்கே மூச்சூதக் கற்பித்தவரின் வீட்டில் நேர்ந்த இழப்பு. மருத்துவமனைக்குள் எத்துணைத் திறமை இருந்து என்ன பயன், வழியிலேயே உயிர் போகுமானால்? இக்கேள்வி அவரைத் தெருவுக்கு அழைத்து வந்தது.

மறுபுறம் ஃபில் ஹாலன் என்பவர், மருத்துவ அறக்கட்டளை ஒன்றின் தலைவர். தம் இளமையில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். கறுப்பின மக்களுக்குத் தொழிலும் வேலையும் தேடித் தருவதற்காக மேட்டுப் பகுதியில் ஜேம்ஸ் மெக்காய் நடத்திய ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்னும் அமைப்பை அவர் நாடினார். விடுதலை இல்லம்! பெயரிலேயே நோக்கம் தெரிகிறது. பணம், மருத்துவம், மக்கள் என்னும் மூன்றும் 1967இல் ஒன்றுகூடின. வறுமை ஒழிப்புக்கென ஒதுக்கப்பட்ட நடுவண் அரசு நிதியும் துணைநின்றது.

யாரைத் தேர்ந்தெடுத்தனர்? நிலையான வேலை என்பதையே அறியாதவர்கள். உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவர்கள். வியட்நாமிலிருந்து திரும்பி வெறுங்கையோடு நின்றவர்கள். சிறை வாசலை மிதித்தவர்களும் சிலர். அரசாங்கப் பதிவேடுகளின் மொழியில், இவர்கள் ‘வேலைக்கு அமர்த்தத் தகாதவர்கள்’. இவர்களுக்கு ஏறத்தாழ 300 மணி நேரப் பயிற்சி! உடற்கூறு, உடலியங்கியல், முதலுதவி, இதய இயக்க மீட்பு, செவிலியர் பணி, விபத்தின்றி விரைந்து வண்டி ஓட்டுதல் அனைத்தும் கற்றனர். அறுவைக் கூடத்தில் நின்றனர், மகப்பேறு கண்டனர், பிண அறையும் கண்டனர். பள்ளியை விட்டவர்கள் பள்ளிச் சான்றிதழும் பெற்றனர். அதே காலத்தில் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் பெற்ற பயிற்சி, செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவி வகுப்போடு சரி. வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் 1966இல் மருத்துவர் பாண்ட்ரிட்ஜ் இதய நோயாளிகளுக்காக வண்டியைத் தெருவுக்கு அனுப்பினார் என்பது உண்மை. ஆனால் அதில் சென்றோர் மருத்துவரும் செவிலியரும். மேட்டுப் பகுதி இளைஞரிடம் அவ்வேலையை ஒப்படைத்ததே பிட்ஸ்பர்க்கின் புதுமை.

1968இல் வண்டிகள் புறப்பட்டன. அவற்றின் அமைப்பையே சஃபார் மாற்றியிருந்தார். நோயாளியின் தலைமாட்டில் ஊழியர் அமர இடம், உயிர்வளிக் கலம், தொண்டையில் தேங்குவதை உறிஞ்சியெடுக்கும் கருவி எல்லாம் உள்ளே இருந்தன. முதல் ஆண்டில் ஏறத்தாழ 5,800 அழைப்புகள். 4,600க்கும் மேற்பட்ட நோயாளிகள். அவ்வாண்டில் 200 உயிர்கள் காக்கப்பட்டதாகச் சஃபார் கணக்கிட்டார்.

எண்ணிக்கை போகட்டும், அன்றாட வேலை எப்படி இருந்தது என்பதைப் பார்ப்போம். அவசர அழைப்புகள் போலீசுக்கே சென்றன. போலீசார் தங்கள் வண்டியையே அனுப்ப முனைந்தனர். எனவே இவர்கள் போலீஸ் வானொலிக்குச் செவிசாய்த்துக் காத்திருந்து, செய்தி விழுந்ததும் பாய்ந்து சென்று முந்திக்கொள்வர். போய்ச் சேர்ந்த இடத்திலோ, ஒதுங்கிப் போ என்று அதட்டும் அதிகாரி! மாடிப்படி ஏறி, குறுகிய வழியில் கட்டிலைத் திருப்பி, மூச்சற்றுக் கிடப்பவனைக் கீழே கொண்டுவரும்போதே மூச்சை ஊதிக்கொண்டு வரவேண்டும். தொண்டையைத் திறந்து மூச்சுக்குழலில் குழாய் செலுத்துவதைத் தெருவிலேயே செய்தனர். ஹெராயின் மயக்கத்தில் கிடந்தோர்க்கு நலோக்சோன் மருந்து செலுத்தினர்.

வேலையின் கடுமையைவிடக் கடுமையான ஒன்று இருந்தது. நெஞ்சுவலியில் துடிக்கும் வெள்ளையர், கறுப்புக் கை தம்மீது படக்கூடாது என்றனர்! சாகும் வேளையிலும் தீட்டுப் பார்க்கும் அறிவு, நமக்குப் புதியதா? மருத்துவமனைக்குள் சென்றால், இவர்களை எடுபிடி ஆட்கள் என்று எண்ணித் தரையைத் துடைக்கச் சொன்னோரும் உண்டு. சற்று முன்னர் ஓர் உயிரை மீட்ட கையில், துடைப்பம்!

ஜான் மூன் என்னும் இளைஞர் மருத்துவமனை ஒன்றில் எடுபிடி வேலை பார்த்தவரே. வெள்ளைச் சீருடை அணிந்த இரு கறுப்பர்கள் நிமிர்ந்த நடையோடு உள்ளே வந்து, மருத்துவரிடம் நோயாளியின் நிலையை எடுத்துரைத்ததை அவர் கண்டார். அந்தக் காட்சியே அவரை ஃப்ரீடம் ஹவுசுக்கு இழுத்துச் சென்றது. வேலை மாற்றம் என்று இதனைச் சொல்லிவிடலாம். ஆனால் தள்ளுவண்டியைத் தள்ளியவர் நோயறிந்து மருந்து செலுத்துபவராக உயர்ந்ததற்கு அச்சொல் போதாது.

1974இல் நான்சி கரோலைன் என்னும் இளம் பெண் மருத்துவர், இவர்களுக்கு மருத்துவ இயக்குநராக வந்தார். நாற்காலியில் அமர்ந்து ஆணையிடவில்லை அவர். வண்டியிலேறி, உடன் சென்று, ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அலசிக் கற்பித்தார். பாராமெடிக் எனப்படும் மருத்துவ உதவியாளர்களுக்காக நாடு முழுமைக்குமான பாடத்திட்டத்தை எழுதும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அதைச் சோதித்துப் பார்த்த களம் எது? மேட்டுப் பகுதியின் தெருக்கள்! 1979இல் வெளிவந்த அவருடைய பாடநூல் அத்தொழிலின் அடிப்படை நூலாயிற்று.

ஊர் முழுவதும் இதைக் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் 1970இல் மேயர் பதவியேற்ற பீட் ஃபிளாகர்ட்டி, இப்பணியை மற்றப் பகுதிகளுக்கு விரிவாக்க இசையவில்லை. மேட்டுப் பகுதி ஏழைக்குக் கிடைக்கும் மருத்துவ உதவி எங்களுக்குக் கிடைக்காதா என்று வெள்ளையர் குடியிருப்புகள் கேட்கத் தொடங்கின. நியாயமான கேள்வி. அதற்கு நேரான விடையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது: ஃப்ரீடம் ஹவுசை விரிவாக்கு! நகராட்சி கண்ட விடை வேறு. தானே புதிய பிரிவொன்றைத் தொடங்கியது. 1975 அக்டோபர் 15 அன்று ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது.

ஃப்ரீடம் ஹவுஸ் ஊழியர்களைப் பணியில் ஏற்க வேண்டும், குழுக்களைக் கலைக்கக் கூடாது என்ற உறுதிமொழி பெற்றே கரோலைன் நகராட்சிக்குத் துணைபுரிய ஒப்பினார். உறுதிமொழி எத்தனை நாள் நின்றது! குழுக்கள் பிரிக்கப்பட்டன. குற்றப் பதிவு உடையோர் விலக்கப்பட்டனர். எந்தக் குற்றப் பதிவைக் கடந்து வந்து ஆண்டுக்கணக்கில் உயிர் காத்தார்களோ, அதே பதிவு! தேர்வுகள் வைத்தனர், தேறவில்லை என்று கூறி அனுப்பினர். எஞ்சியோரின் தலைக்கு மேல், அனுபவத்தில் இளைய வெள்ளையரை அமர்த்தினர். பெட்டியைச் சுமந்து வா, நோயாளியைத் தொடாதே என்னும் நிலைக்கு, குழாய் செலுத்திய கைகள் தள்ளப்பட்டன.

தகுதி, திறமை! இச்சொற்களை நாம் கேளாதவரல்லோம். 1951இல் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாளிலும் கேட்டோம். பிட்ஸ்பர்க்கில் நடந்ததில் ஒரு கூடுதல் கொடுமை இருக்கிறது. அங்கே தேர்வுத்தாளின் பொருளே, தேர்வெழுத அமர்ந்தவர்களின் உழைப்பில் விளைந்தது. எந்த வேலைக்கு உலகில் அளவுகோலே இல்லாதிருந்ததோ, அதற்குத் தங்கள் கைகளால் அளவுகோல் செய்து கொடுத்தவர்களை, அதே அளவுகோலால் அடித்து விரட்டினர்.

சிலர் தாமாகவே வெளியேறினர். சிலர் வேறு ஊர் சென்றனர். மிட்செல் பிரவுன் என்பவர் ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரின் பொதுப் பாதுகாப்பு இயக்குநராகவும், பின்னர் நகர மன்ற உறுப்பினராகவும் ஆனார்; வேலைக்கு உதவாதவர்! பிட்ஸ்பர்க்கின் அவசர மருத்துவப் பிரிவோ, 1990களில் ஏறத்தாழ முழுவதும் வெள்ளையர் மயமாகியிருந்தது. ஜான் மூன் மட்டும் விடாப்பிடியாக நின்றார். ஒதுக்கலையும் ஏளனத்தையும் தாங்கி, துணைத் தலைவர் பதவி வரை உயர்ந்து, 2009இல் ஓய்வு பெற்றார். பதவியில் இருந்தபோது, கறுப்பின இளைஞரைத் தேடிச் சென்று பணியில் சேர்த்தார். அவ்வாறு அவர் அழைத்து வந்தவர்களுள் ஒருவரான அமேரா கில்கிறிஸ்ட் என்னும் பெண்மணி, 2023இல் அப்பிரிவின் தலைவரானார். ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டு அப்போது 48 ஆண்டுகள் ஆகியிருந்தன.