கோழிக்குஞ்சுக்கு கண் வீங்கி, சளி பிடிச்சிருக்கா? உடனே செய்ய வேண்டியது என்ன?

காலையில் பஞ்சாரத்தைத் திறந்தால் ஒரு குஞ்சு மட்டும் ஓரமாக ஒடுங்கி நிற்கிறது. ஒரு கண் மூடியிருக்கு, மூக்கில் நீர், மூச்சில் 'கர்கர்' சத்தம். நாலு நாளில் பாதிக் குஞ்சுகள் போய்விடும். நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு இது பழகிய கதை.

ஆழ்வார்திருநகரி போன்ற தாமிரபரணி கரை ஊர்களில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கவனம் கூடுதலாகத் தேவை. 2023 டிசம்பர் பெருமழையில் இந்தப் பகுதியே வெள்ளத்தில் தத்தளித்தது. அப்படி வெள்ளம் வராவிட்டாலும், கூண்டுத் தரை நனைந்தாலே போதும். எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா நெடி குஞ்சின் கண்ணையும் மூச்சுக்குழாயையும் புண்ணாக்கும். பிறகு கிருமி நுழைவது சுலபம்.

என்ன நோயாக இருக்கலாம்?

* நாள்பட்ட சுவாச நோய்: மைக்கோபிளாஸ்மா கிருமியால் வருவது. கண்ணில் நுரை, தும்மல், மூச்சு இரைச்சல். தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவும் குஞ்சுக்கு வரும்.
* கொரைசா: முகம் வீங்கும், மூக்கு ஒழுகலில் கெட்ட வாடை அடிக்கும்.
* அம்மை: கொண்டை, கண் ஓரங்களில் கொப்புளம், பொருக்கு. கொசு பரப்பும்.
* வைட்டமின் ஏ குறைவு: கண்ணுக்குள் தயிர்க்கட்டி போல வெள்ளையாகச் சேரும்.
* வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்): மூச்சுத் திணறலோடு பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்து முறுக்கல். இதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டுமே வழி.

உடனே செய்ய வேண்டியவை

1. நோயுற்ற குஞ்சைத் தனியாகப் பிரித்து, தண்ணீர், தீவனத் தட்டுகளையும் தனியாக வையுங்கள். நல்ல குஞ்சுகளை முதலில் கவனித்துவிட்டு, கடைசியாக இதைத் தொடுங்கள்.
2. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன் உப்பு கலந்து, சுத்தமான பஞ்சால் கண், மூக்கைத் துடையுங்கள். ஒவ்வொரு குஞ்சுக்கும் புதுப் பஞ்சு.
3. ஈரமான உமியை அள்ளிவிட்டு காய்ந்ததைப் பரப்புங்கள். குளிர் காற்று நேரடியாக அடிக்கக் கூடாது, ஆனால் காற்றோட்டம் வேண்டும்.
4. முதல் வாரக் குஞ்சுக்கு சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பல்புக்குக் கீழே நெருக்கியடித்தால் குளிர்கிறது, விலகி ஓடினால் சூடு அதிகம் என்று அர்த்தம்.
5. பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை கொடுக்கலாம். வைட்டமின் ஏ கிடைக்கும்.

செய்யக் கூடாதவை

வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீங்க. வைரஸ் நோய்க்கு அது வேலை செய்யாது. அளவும் தவறும். கால்நடை மருத்துவர் மருந்து எழுதினால், எத்தனை நாள் முட்டை, கறி சாப்பிடக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி எப்போது?

வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் கண் அல்லது மூக்கில் சொட்டு மருந்து, நாலாவது வாரத்தில் மறு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. நலமாக இருக்கும் குஞ்சுகளுக்கு மட்டுமே போட வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது.

எப்போது மருத்துவரிடம் போகணும்?

வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, இரண்டு நாளில் தேறாவிட்டாலோ தாமதிக்காதீர்கள். கால்நடை நடமாடும் மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். ஒரே நாளில் பல கோழிகள் திடீரென இறந்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். வெறும் கையால் தொடாமல், விற்காமல், உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று: ராணிக்கெட் கிருமி மனிதர்களுக்கும் கண் சிவப்பை உண்டாக்கும். குஞ்சைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு மறுவேலை பாருங்கள்.