பெரிய கப்பலா, சின்னக் கப்பலா? ஏ380ம் 787ம்

நான் வளர்ந்தது போர்ட் பிளேர், ஃபீனிக்ஸ் பே பக்கம். (2024 செப்டம்பரிலிருந்து ஊர்ப் பெயர் ஸ்ரீ விஜயபுரம். எனக்கு இன்னும் வாயில் வரவில்லை.) சென்னையிலிருந்து வரும் பெரிய கப்பல் ஹாடோ துறையில் ஆட்களை இறக்கிவிடும். ரங்கத், டிக்லிபூர் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு வந்து சின்னக் கப்பல் பிடிப்பார்கள்.

விமான உலகின் பெரிய சண்டை ஒன்று இதைப் பற்றியதுதான் என்று சிட்னி வந்த பிறகுதான் புரிந்தது.

2000 டிசம்பரில் ஏர்பஸ் ஏ380ஐச் செய்வதென்று முடிவெடுத்தது. பெரிய ஊர்களுக்கு நடுவே மொத்தமாக ஆட்களை ஏற்றிப் போவது, அங்கிருந்து சின்ன விமானத்தில் பிரித்து அனுப்புவது, அதாவது ஹாடோ கணக்கு. போயிங் வேறு கணக்குப் போட்டது. ஆள் குறைவாக இருந்தாலும் நேராகவே போகட்டும் என்று 2004இல் 787ஐ அறிவித்தது.

போயிங்குக்கு அந்தத் தைரியம் வரக் காரணம் உண்டு. இரண்டு எஞ்சின் விமானம், ஏதாவது ஒரு விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள்ளேயே பறக்க வேண்டும் என்பது பழைய விதி. 1985இல் அது இரண்டு மணி நேரமானது, பிறகு மூன்று. 787க்கு 2014இல் ஐந்தரை மணி நேரம் கிடைத்தது. பெருங்கடல் தாண்ட நாலு எஞ்சின் தேவையில்லை என்றால், நாலுக்குத் தீனி போடுவானேன்?

ஏ380 முதன்முதலாகப் பயணிகளோடு பறந்தது எங்கள் சிட்னிக்குத்தான். 2007 அக்டோபர் 25, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 471 இருக்கைகள். 787 நான்கு வருடம் கழித்து, 2011 அக்டோபரில் வந்தது. 2012இல் ஏர் இந்தியா வாங்கிய 787இல் 256 இருக்கைகள்.

அந்த 2012இல்தான் அம்மாவும் சிட்னி வந்தார். போர்ட் பிளேர், சென்னை, சிங்கப்பூர், சிட்னி. "ஃபீனிக்ஸ் பேல மாறுற மாதிரிதாம்மா" என்று தைரியம் சொல்லி அனுப்பியிருந்தேன். சிங்கப்பூரில் தப்பான வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒரு தமிழ்ப் பிள்ளை கைபிடித்துக் கூட்டிப்போய் ஏற்றிவிட்டது. வந்து இறங்கியதும் கேட்டார்: "ஏம்ப்பா, ஜெட்டின்னு சொன்னே, அது ஒரு ஊரே மாதிரில்ல இருக்கு? எறங்கி ஏறாம வர வழியே இல்லியா?"

உலகமும் அதையேதான் கேட்டது. 251 ஏ380களோடு 2021இல் ஏர்பஸ் கடையை மூடியது. 787 ஆயிரத்து நூறைத் தாண்டிவிட்டது. ஏர்பஸ்ஸே ஏ350 என்று இரண்டு எஞ்சினுக்கு வந்துவிட்டது. 787 கதையும் சுகமாக மட்டும் போகவில்லை. 2013இல் பேட்டரி தீப்பிடித்த சிக்கலில் உலகம் முழுக்க மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். 2025 ஜூன் 12, அகமதாபாத்தில் விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேர் இறந்தார்கள். 787இல் உயிர் போன முதல் விபத்து அது. புலம்பெயர்ந்த எந்தக் குடும்பமும் அன்று நிம்மதியாகத் தூங்கியிருக்காது.

சரி, ஜெயித்தது 787. நமக்கு என்ன கிடைத்தது? 2013இல் டெல்லியிலிருந்து ஏர் இந்தியாவின் 787 சிட்னிக்கு நேராக வந்தது. 2022இல் க்வாண்டஸ் பெங்களூருக்கு நேர் விமானம் விட்டது. அதுவும் பழைய ஏ330இல் :-) சென்னைக்கு இன்னும் மாறித்தான் போகவேண்டும். நேர்வழிக்கு விமானம் மட்டும் போதாது, தினமும் இருக்கை நிரம்ப ஆளும் வேண்டும். போர்ட் பிளேருக்கு அந்தக் கணக்கு என்றைக்குக் கட்டுமோ!

அம்மாவுக்கு இப்போது முட்டி வலி. இனி இங்கே வரமாட்டார். மூன்று விமானம் மாறி நான்தான் போகிறேன். போன முறை வாசலிலேயே கேட்டார்: "எத்தன எடத்துல எறங்கி ஏறினே?"

"ரெண்டும்மா."

"சாப்டியா?"